பூமுடி போதும் என்று சொன்னவள்

என் புத்தகங்களின் பின்னட்டைகளில் ஒரே ஒரு படம்தான் திரும்பத் திரும்ப வரும். கொடைக்கானல் ஏரிக்கரை, பனிமூட்டம், அவிழ்த்துவிட்ட கூந்தல், தூரத்தில் எங்கேயோ நிலைத்த பார்வை. எடுத்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. இப்போது ஐம்பதுக்கு இன்னும் ஒரு வருடம். அந்தப் படத்தில் நான் காலத்தின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தாள். நான் பார்த்தது வேகவைத்த சோளக்கதிர் விற்கிற தள்ளுவண்டியை. அன்றைக்குக் காலையில் சாப்பிடவில்லை.

அந்தக் கூந்தலுக்குச் செய்த ஊழியத்தை நான் என் எழுத்துக்குக்கூடச் செய்ததில்லை. வரிகளை ஒருமுறை திருத்துவேன், அதுவும் மனசு வந்தால். கூந்தலுக்கு ஞாயிறுதோறும் சீயக்காய். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கறுப்புச் சாயம். சாயம் பூசுகிற பொழுதில் யார் வந்து தட்டினாலும் வீட்டில் ஆள் கிடையாது. பெண்ணின் விடுதலையைப் பற்றி நான்கு புத்தகம் எழுதியவள் தலையில் பாலிதீன் உறையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்பதை, ஒருத்தியைத் தவிர, இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எழுத்தை நம்பி அடுப்பு எரியாது என்பதால் சனிக்கிழமைகளில் இங்கே கொடைக்கானலிலேயே ஒரு மகளிர் கல்லூரியில் வகுப்பெடுக்கிறேன். வேல்யூ எஜுகேஷன் என்று பெயர். வாரத்தின் கடைசி மணி நேரம். வெளியூர்ப் பெண்கள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் அவர்களுக்கு நான் ஒழுக்கம் கற்பிக்க வேண்டும். அச்சடித்த சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அடக்கம், நேரம் தவறாமை, பெரியோரை மதித்தல், உண்மை பேசுதல் என்று பாடங்கள். நான் அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, வேறெதையாவது பேசுவேன். பெண் என்பவள் ஒரு கதவு என்பேன். அடுத்த வாரம், பெண் என்பவள் கதவே இல்லாத வீடு என்பேன். இரண்டில் எது என்று யாரும் கேட்டதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை என் சொந்தக் கதையை எடுத்தேன். மலைக்குக் கீழே, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி எனக்குச் சொந்த ஊர். அப்பாவுக்குக் கொய்யா வியாபாரம். பன்னிரண்டாவதோடு படிப்பு போதும் என்றார். நான் பழனிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, சேர்ந்து, தினமும் அதே பஸ்ஸில் போய் வந்தேன். அவர் கண்டுபிடிப்பதற்குள் முதல் பருவத் தேர்வே முடிந்திருந்தது. "அந்தப் பொய்யில்தான் எனக்குச் சிறகு முளைத்தது" என்று வகுப்பில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முக்கியமான எதையாவது சொன்னால் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவது என் வழக்கம். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் உண்மை பேசுதல் என்பது மணி அடித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாவது வரிசையில் ஒருத்தி அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். கவுஞ்சிக்காரி. கவுஞ்சி மேல்மலைக் கிராமம், கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். படிப்படியாக இறங்குகிற காடுகளில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். கணிதம் இரண்டாம் வருடம், விடுதியில் தங்கிப் படித்தாள். அதிகம் பேச மாட்டாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒற்றைச் சடை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னப் பொறாமை எழுந்து உட்காரும். நான் அதற்கு 'அழகின் முன் பணிவு' என்று பெயர் வைத்திருந்தேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன்பே எழுந்து நின்றாள்.

"மேடம், அடுத்த சனிக்கிழமை லீவு வேணும். குடும்பத்தோட பழனிக்குப் போறோம்."

"கோயிலுக்கா?"

"மொட்ட போட, மேடம்."

"யாருக்கு? தம்பி, தங்கச்சிக்கா?"

"எனக்குத்தான்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கண் அந்தச் சடையின் மேல் இருந்தது. வீட்டில் வற்புறுத்துகிறார்களா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். நாந்தான் வேண்டிக்கிட்டேன், டிகிரி நல்லபடியா முடிக்கணும்னு. முழு முடியும் தாரேன்னு சொல்லிட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகள், அதே ஊர், அதே வகுப்பு, "சொன்னா கேக்க மாட்டேங்கிறா மேடம்" என்று உச்சுக்கொட்டினாள்.

இதற்காகவே காத்திருந்தவள் போல நான் ஆரம்பித்தேன். முழு மணி நேரமும். கடவுள் உன் கூந்தலைக் கேட்கவில்லை, உன் அச்சம்தான் கேட்கிறது என்றேன். படித்த பெண் தன் தலையைக் குனிய வேண்டியது புத்தகத்தின் முன் மட்டுமே என்றேன். கூந்தலை அருவி என்றேன், இரவு என்றேன், எங்கோ ஓரிடத்தில் கொடி என்றும் சொன்னேன், தேசியக் கொடியா படர்கிற கொடியா என்று எனக்கே தெளிவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பக்கத்தில் இருந்த பெரியப்பா மகளைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். என் பேச்சில் உருகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. இருப்பு கொள்ளாமை எனக்குப் பிறவிக் குணம், அதை நான் தேடல் என்று எழுதுவேன். சீயக்காயைக்கூட ஒத்திவைத்துவிட்டுக் கவுஞ்சி பஸ்ஸில் ஏறினேன். ஒரு பெண்ணின் சடையைக் காப்பாற்றப் போகிறேன். பூம்பாறை தாண்டியதும் மனதுக்குள் ஒரு கட்டுரை தானாக எழுதிக்கொள்ளத் தொடங்கியது. மன்னவனூர் வருவதற்குள் அதற்கு விருதும் கிடைத்துவிட்டது.

அவர்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பஸ் நின்ற இடத்தில் கேட்டவுடன் ஊரே வழிகாட்டியது. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே பூண்டுக்கட்டுகள் புகை குடித்துத் தொங்கின. அவளுடைய அப்பா காட்டிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா காபி போட்டார். கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தேடி வந்தால் எந்தப் பெற்றவர்களும் பயப்படத்தானே செய்வார்கள். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

"புள்ள எதும் தப்புத்தண்டா பண்ணிருச்சுங்களா டீச்சரம்மா?" என்றார் அவர், துண்டைக் கையில் பிடித்தபடி.

"ஐயோ, இல்லண்ணே. தங்கமான பொண்ணு. இந்த மொட்டை விஷயமாத்தான் வந்தேன்."

அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டார். "நல்லாக் கேளுங்க டீச்சரம்மா! நானும் ஒரு வாரமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். தையில அய்யம்பாளையத்துலருந்து பொண்ணு பாக்க வாராக. தென்னந்தோப்புக்காரக, நல்ல எடம். அந்த நேரத்துல போயி மொட்டையப் போட்டுக்கிட்டு நின்னா நான் யார் தலையக் காட்டுறது? என் தலையவா?"

"இவ ஒருத்தி. சாமிக்குச் சொன்ன சொல்லுடி" என்றார் அப்பா. "புள்ள வாயத் தொறந்து வேண்டிருச்சு. இனி நம்ம என்ன பண்ண முடியும்? மாப்பிள வீட்டுக்குச் சொல்லி அனுப்பிர வேண்டியதான். முடி வளந்த பெறகு பாக்கட்டும்."

அந்த அம்மா சொன்ன அய்யம்பாளையமும் தை மாதமும் தென்னந்தோப்பும் என் காதில் விழத்தான் செய்தன. விழுந்து, கிடந்து, அப்படியே போய்விட்டன. எனக்கு என் வசனம் முக்கியம். மூடநம்பிக்கை என்ற சொல்லை எங்கே நுழைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது நுழையாது என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் புத்தி, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, வெரசா வேலை செய்தது.

"அண்ணே, நான் ஆயக்குடிக்காரி. பழனிக் கோயில் வழக்கம் எனக்குத் தெரியாதா? பொம்பளப்பிள்ளைங்க முழுசா எறக்கணும்னு கட்டாயமே இல்ல. பூமுடி குடுக்கலாம். நுனியில மூணு கத்திரி. எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். சாமி அதையே முழுசா ஏத்துக்கும்."

"மெய்யாவா?" என்றார் அம்மா.

"என்னை நம்புங்க."

அந்த அம்மாவின் முகத்தில் எழுந்த வெளிச்சத்தை நான் பெண் விடுதலையின் வெளிச்சம் என்று படித்தேன். அப்பாவும் கொஞ்சம் யோசித்து, படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார். திரும்பும்போது ஒரு பை நிறையக் கேரட்டும் ஒரு கட்டுப் பூண்டும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பஸ்ஸில் என்னைவிட நிறைந்த மனதோடு யாரும் பயணம் செய்திருக்க முடியாது. என்னைவிட நாற்றத்தோடும் யாரும் பயணம் செய்திருக்க முடியாது. மலைப்பூண்டின் வாசனை அப்படி.

திங்கட்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தள்ளிப்போன வேலைகளில் நான் இருந்தேன்: தலை முழுக்கச் சாயம், மேலே பாலிதீன் உறை. வழக்கப்படி மூச்சை அடக்கினேன்.

"மேடம், நாந்தான். உள்ள இருக்கீங்கன்னு தெரியும், ரேடியோ பாடுது."

அவள் குரல். நன்றி சொல்ல வந்திருக்கிறாள். நன்றி என்றால் நான் எந்தக் கோலத்திலும் திறப்பேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"யாரு மேடம் உங்களக் கேட்டது?"

"என்னம்மா?"

"எங்க வீட்டுக்குப் போகச் சொல்லி யாரு மேடம் உங்களக் கேட்டது? பூமுடி போதும்னுட்டு வந்திருக்கீங்க. அம்மா போன் பண்ணி ஒரே சந்தோசம். தைப்பொங்கல் கழிச்சு பொண்ணு பாக்க வாராங்க. புடிச்சுப்போச்சுன்னா வைகாசியில கல்யாணம். மொட்டத் தலைய யாரு மேடம் பாக்க வருவா? அதுக்குத்தான மேடம் வேண்டுனேன்!"

அய்யம்பாளையம், தை மாதம், தென்னந்தோப்பு. காதுக்குள் விழுந்து கிடந்ததெல்லாம் இப்போது வரிசையாக எழுந்து நின்றன. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"அப்பாகிட்ட நேராச் சொல்லிப் பாத்திருக்கலாமே..."

"சொல்லாமலா? மூணு தடவ சொன்னேன். 'மாப்பிள வீட்டுல படிக்க வைப்பாக ஆத்தா'ன்னு முடிச்சிட்டாரு. எங்க சின்னத்தைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. அதோட மார்க் சீட்டு எங்க வீட்டு பீரோவுல கெடக்கு. சின்னத்த மலைக்குக் கீழ யாரோ தோப்புல தேங்கா எண்ணிக்கிட்டுக் கெடக்கு. எங்கப்பா நல்லவருதான் மேடம். நான் கேட்டா மறுப்பாரு, சாமி கேட்டா மறுக்க மாட்டாரு. அதான் சாமிகிட்டப் போனேன்."

பிறகு கணக்கைச் சொன்னாள். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். இந்தக் கார்த்திகையில் இறக்கினால் மூன்றாம் வருடக் கடைசிப் பரீட்சை வருகிற சித்திரைக்குப் பதினேழு மாதம். எட்டரை அங்குலம். சடை போட்டுப் பூ வைத்துப் பெண் பார்க்கிறவர்கள் முன்னால் உட்கார குறைந்தது பதினான்கு வேண்டும். "அம்மா அதுக்குக் கொறஞ்சு உக்கார வைக்காது மேடம். விசாரிச்சு வச்சிருக்கேன்." இவ்வளவையும் கணித மாணவி நோட்டில் போட்டுப் பார்த்திருக்கிறாள். நான் அருவி என்றும் கொடி என்றும் சொல்லிக்கொண்டிருந்த பொருளை அவள் அங்குலத்தில் அளந்து வைத்திருக்கிறாள்.

வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "பக்கத்துல பெரியப்பா மக இருந்தா. அவ காதுல விழுந்தா ஊருக்கே போன் போட்ட மாதிரி."

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். அச்சடித்த அந்தச் சிறு புத்தகம் எனக்குள் எங்கிருந்தோ வாயைத் திறந்தது. "ஆனாலும், சாமியை வச்சுப் பெத்தவங்கள ஏமாத்துறது சரியாம்மா?"

அவள் கோபப்படவில்லை. ஒரு கணக்கை விளக்குகிற பொறுமையோடு சொன்னாள். "சாமிய நான் ஏமாத்தல மேடம். டிகிரி முடிக்கணும்னு வேண்டுனேன், முடிய முழுசாக் குடுக்கேன். முடி போனா டிகிரி முடிப்பேன். இதுல எங்க மேடம் பொய் இருக்கு?" பிறகு கேட்டாள்: "நீங்க டைப்ரைட்டிங் படிச்சு முடிச்சிட்டீங்களா மேடம்?"

ஜன்னல் பக்கம் திரும்பினேன். வீட்டு ஜன்னலில் அன்றைக்கு என் முகம்தான் தெரிந்தது, பாலிதீன் உறையோடு.

"சாயம் காதுல வழியுது" என்று கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க கெடுத்தீங்க, நீங்களே சரி பண்ணுங்க. சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் அடிவாரத்துல இருப்போம்."

அந்த ஐந்து நாளில் நான் தயாரித்த உரைகள் ஒரு புத்தகத்துக்கு வரும். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஒன்று கீழே விழுந்து, பழனியில் இறங்கியபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கார்த்திகை மாதம், அடிவாரம் முழுக்கக் கறுப்பு வேட்டிக் கூட்டம், ஐயப்பனைப் பார்க்கப் போகிற வழியில் முருகனையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். முடி இறக்கும் கூடத்துக்குள் ஈரத்தரை, வாளிகள், வீறிடும் குழந்தைகள். அவர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அம்மாவின் கையில் சீப்பு. எவ்வளவு நுனி என்று சடையை அளந்து, கட்டைவிரலால் பிடித்து வைத்திருந்தார். ஒரு கட்டைவிரல் அளவு. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். நான் வந்ததைப் பார்த்தாள்.

"வாங்க டீச்சரம்மா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் அம்மா.

"அண்ணே" என்று அவருடைய கணவரிடம் ஆரம்பித்தேன். "ஒரு தப்பு நடந்துபோச்சு. பூமுடி பத்தாதுண்ணே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"விசாரிச்சேன். பொதுவா வேண்டியிருந்தா பூமுடி போதும். முழு முடியும் தாரேன்னு வாய்விட்டுச் சொன்னவங்க முழுசாத்தான் குடுக்கணுமாம். நான் தெரியாமச் சொல்லிட்டேன்." அதோடு நிறுத்தத் தெரியாதவள் நான். "அன்னைலருந்து எனக்கு ஒண்ணும் சரியில்லண்ணே. பல்வலி. கனவுல வேல் வேற வருது."

பல்வலி பொய். கனவும் பொய். விசாரித்தேன் என்றது பெரிய பொய். ஒழுக்கம் கற்பிக்கிற டீச்சர், அதுவும் முருகனின் காலடியில் நின்று, மூன்று மூச்சில் மூன்று பொய்.

அம்மா சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "இதென்ன கூத்தா இருக்கு? போன ஞாயித்துக்கெழம போதும்னீங்க. இன்னைக்குப் பத்தாதுங்கிறீங்க. வேற சோலியே இல்லையா டீச்சரம்மா உங்களுக்கு? கவுஞ்சி வரைக்கும் பஸ் ஏறி வந்து குழப்பிட்டு, இங்கயும் வந்து நிக்கீங்க."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவருடைய கணவர் அவசரப்படாமல், பூண்டு எடைபோடுகிறவர் போல, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்காருங்க. சொன்னது நீங்க. கனவு வந்தது உங்களுக்கு. பல்லு வலிக்கிறதும் உங்களுக்கு. அப்பத் தப்பு உங்க மேலதான. எறக்க வேண்டியது நீங்கதான டீச்சரம்மா? எம்புள்ளைக்கு எதுக்கு?"

அந்தப் பெண்ணின் கணக்கு யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

நாவிதர் வயதானவர், புது பிளேடைப் பிரித்துக்கொண்டே, "ஒருத்தரா ரெண்டு பேரா? வெரசாச் சொல்லுங்க, கூட்டம் கெடக்கு" என்றார்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "நான் வேணா பூமுடி..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அம்மா சிரித்துவிட்டார். சத்தமாக, பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவளும் என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை பாலிதீன் உறையைப் பார்த்தாளே ஒரு கணம், அதே பார்வை. அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கத்தான் நான் பலகையில் உட்கார்ந்தேன். துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தண்ணீர் சில்லென்று ஊற்றினார். தலையைக் குனிய வைத்தார். படித்த பெண் புத்தகத்தின் முன் மட்டுமே குனிய வேண்டும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. பிளேடு முன்நெற்றியிலிருந்து பின்னால் போகிற சத்தம், கோணிப்பையை இழுப்பது போல. பின்னட்டைக் கூந்தல் கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது.

"மேலதான் கறுப்பு. அடியில பூராம் வெள்ளையால்ல இருக்கு" என்றார் நாவிதர், கூடத்துக்கே கேட்கும்படி.

எழுந்தபோது தலை எடையே இல்லாமல் காற்றில் மிதந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தும்மல். தொடர்ந்து நான்கு. இப்போது அந்தக் குடும்பம் கிளம்பிவிடும், பெண்ணுக்கு மூன்று கத்திரி, எனக்கு மொட்டை, நான் காப்பாற்றப் போனது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். உலகத்திலேயே பயனற்ற மொட்டை என்னுடையதுதான்.

அவளுடைய அப்பா நகரவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருடைய முகம் மாறியது. நான் சும்மா மிரட்டுகிறேன், உட்கார மாட்டேன் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் அவருக்குள் ஏதோ இடம் மாறிவிட்டது.

"ஏங்க, நேரமாச்சு" என்றார் அம்மா.

"இரு." துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "வேண்டாதவுகளே முழுசாக் குடுத்துட்டாக. வாய்விட்டு வேண்டுன நம்ம மூணு கத்திரியக் குடுத்துட்டுப் போனா, மேல இருக்கிறவன் நம்மளப் பாத்துச் சிரிக்க மாட்டானாடி?"

"மாப்பிள வீட்டுக்கு என்ன சொல்ல?"

"சாமி காரியம்னு சொல்றேன். காத்திருந்தா இருக்கட்டும், இல்ல வேற எடம் பாக்கட்டும். ஆத்தா, நீ உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். இத்தனை திட்டம் போட்டவள், அங்குலக் கணக்குப் போட்டவள், அசையாமல் இருப்பாள் என்று நினைத்தேன். சடையை நாவிதர் கையில் பிடித்ததும் அழுதுவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அந்தச் சடை அவளுக்கும் பிடிக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பிடித்ததைத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். அம்மாவும் அழுதார். என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, மறுபடி அழுதார். பிறகு மகளின் மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பிவிட்டு, மீதியிருந்ததை என்னிடம் நீட்டாமல், அவரே என் தலையிலும் பூசினார், கொஞ்சம் பலமாக.

படியேறும் இடத்தில் அப்பா போனில் பேசினார். "ஆமாங்க, சாமிக்கு நேந்தது... என்ன செய்யிறது... ஆவணிக்கு மேல பாப்போம்." அவள் எனக்குப் பின்னால் வந்து காதோரம், "இந்த ஆவணி இல்ல மேடம், அதுக்கடுத்த ஆவணி" என்றாள். மூக்கு இன்னும் சிவந்துதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இரண்டு மொட்டைத் தலைகள். என்ன வேண்டுதல் மேடம் என்று பெரியப்பா மகள் கேட்டாள். பல்வலி என்றேன். நடத்த வேண்டிய பாடம் எதுவென்று நான் பார்க்கவில்லை. அவரவர் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் திரும்ப வசதிப்படவில்லை, குளிர்காற்று நேராக மண்டையில் அடித்தது.

அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்பு காத்திருக்கவில்லை. அந்த வைகாசியிலேயே வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். இன்னொரு இடம் விசாரித்து வந்தது, போட்டோவில் கிராப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. என் முடி வெள்ளையாகவே வளர்ந்தது, நான் சாயத்தை விட்டுவிட்டேன். கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம்தான், சோம்பல் அதில் பாதி. பதிப்பகத்தில் புதுப் படம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் எடுக்கவில்லை.

நேற்று அவள் வந்திருந்தாள். மூன்றாம் வருடக் கடைசிப் பரீட்சை, முதல் தாள் நாளை மறுநாள். ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து என்னிடம் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தாள். மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம் இது. உச்சந்தலையிலிருந்து ஸ்கேலை வைத்து நுனிவரை பார்த்தேன். எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவில் நின்றது, அம்மாவின் பதினான்குக்கு இன்னும் வெகுதூரம்.

"தோளத் தொட்டிருச்சா மேடம்?"

"தொட்டும் தொடாம நிக்குது."

"போதும்" என்று ஸ்கேலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, படிக்க வேண்டும் என்று விடுதிக்குக் கிளம்பிவிட்டாள்.